கொள்கையும் காரிய நோக்கும்

கட்சியொன்றின் கொள்கையைத் தோளிற் சுமந்து நெடுங்காலம் எதிரணியில் நின்ற ஒருவர் நாட்டின் தலைவராகுமிடத்து, அவர் முன்னிலையில் இரு கணக்குகள் விரிக்கப்படுகின்றன. ஒன்று, அவர் தம் கட்சியார்க்கும் வாக்காளர்க்கும் உரைத்த சொற்களின் கணக்கு. மற்றையது, திறைசேரியும் படையும் அயல்நாடும் கடன் கொடுத்தோரும் காட்டுங் கணக்கு. இவ்விரண்டும் ஒத்துவருதல் அரிது. ஒவ்வாதவிடத்து அவர் எதனைக் கைக்கொண்டார், எதனைக் கைவிட்டார் என்பதனைக் கொண்டே அவருடைய ஆட்சியின் இயல்பு மதிப்பிடப்படும். 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் நாள் இலங்கையின் ஒன்பதாவது நிறைவேற்று ஜனாதிபதியாகப் பதவியேற்ற அநுர குமார திசாநாயக்க அவர்களின் தலைமை இம்முறையில் ஆராயற்பாலது.

அவர் பெற்ற வெற்றியின் இயல்பு முதலில் நோக்கத்தக்கது. 2019ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தலில் அவர்க்குக் கிடைத்த வாக்கு நூற்றுக்கு மூன்றளவே. ஐந்தாண்டு கழிந்து 2024 செப்டெம்பர் 21இல் நடந்த தேர்தலில் அது 42.31 விழுக்காடாயிற்று. எவரும் அரைப் பங்கைக் கடவாமையால், இலங்கையின் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. அதன் பின்னரே வெற்றி அறிவிக்கப்பட்டது. ஆயின் அதே ஆண்டு நவம்பர் 14இல் நடந்த பொதுத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களுள் 159ஐக் கைப்பற்றிற்று. மூன்றிலிரண்டு பெரும்பான்மைக்கு வேண்டுவன 150 ஆசனங்களே. ஆகவே, பெரும்பான்மை வாக்கின்றிப் பதவியேற்ற தலைவர் இரு திங்களுக்குள் அரசியலமைப்பையே திருத்தவல்ல பாராளுமன்றப் பலத்தைப் பெற்றவரானார். இவ்வுண்மை பின்வரும் ஆராய்ச்சி முழுவதற்கும் அடிப்படையாகும்.

கொள்கை, காரிய நோக்கு என்னும் இரு சொற்களையும் வரையறுத்துக்கோடல் வேண்டும். கொள்கையாவது, நாடு எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதுபற்றிக் கட்சியொன்று முன்னரே நிறுவிக்கொண்ட முடிபு. காரிய நோக்காவது, இன்று எது இயலும், எது பயன்தரும் என்பதனை நிலைமைக்கேற்ப ஆய்ந்து ஒழுகும் முறை. இவற்றுள் முன்னையதை உயர்ந்ததென்றும் பின்னையதைத் தாழ்ந்ததென்றும் கொள்வாருளர், மாறாகக் கொள்வாருமுளர். திருக்குறளின் அரசியற் பகுதியை நோக்குவார்க்கு இவ்விரு சாராரும் பாதியையே கண்டனர் என்பது புலனாகும். அங்கே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. தன் வலியும் மாற்றான் வலியும் தூக்காது வினைமேற்செல்லும் அரசனை வள்ளுவர் மதித்தாரல்லர். ஆயின் அப்பகுதியிலேயே சில அதிகாரங்களின் பின் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் வைக்கப்பட்டுள்ளன. வலியும் காலமும் இடமும் அறிந்து செய்யப்படும் வினை எதன்பொருட்டு என்னும் வினாவிற்கு விடை அவற்றிலுள்ளது.

ஆகவே, புதிய ஜனாதிபதி கொள்கையை விட்டுக் காரியத்தைப் பற்றினாரா என்று வினாவுதல் போதாது. அவருடைய காரிய நோக்கு எவருடைய வலிக்கு வளைகின்றது, எவர்முன் வளையாது நிற்கின்றது என்று வினாவுதல் வேண்டும். அவ்வாறு வினாவுமிடத்து, அவருடைய தலைமையின் சிறப்பும் குறைபாடும் ஒருங்கே விளங்கும்.

மக்கள் விடுதலை முன்னணி 1965ஆம் ஆண்டு றோகண விஜேவீர அவர்களால் தொடங்கப்பட்டது. அக்கட்சியிற் சேர்வார்க்குப் புகட்டப்பட்ட ஐந்து வகுப்புகள் பெயர்பெற்றவை. அவற்றுள் ஒன்று இந்திய விரிவாக்கம் என்பதுபற்றியது. 1971 ஏப்ரலில் நிகழ்ந்த கிளர்ச்சி சில வாரங்களுள் அடக்கப்பட்டது. 1987 ஜூலை 29இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாகியதும், அதனையும் அதன்வழிப் பிறந்த மாகாண சபைகளையும் எதிர்த்து இரண்டாங் கிளர்ச்சி மூண்டது. 1989 நவம்பரில் விஜேவீர கொல்லப்பட்டார். இரு கிளர்ச்சிகளிலும் பல்லாயிரம் சிங்கள இளைஞர் மாண்டனர். அநுர குமார திசாநாயக்க அவர்கள் அவ்விரண்டாங் காலத்தில் மாணவராயிருந்து கட்சியிற் சேர்ந்தவர். 2000ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் புகுந்தவர். 2014இற் கட்சித் தலைவரானவர்.

இக்கட்சி ஆட்சியிற் பங்குகொண்ட முன்னைய காலமொன்று உண்டு. 2004இல் அமைந்த கூட்டரசாங்கத்தில் அவர் விவசாயம், கால்நடை, காணி, நீர்ப்பாசனம் ஆகியவற்றிற்கு அமைச்சராயிருந்தார். ஆழிப்பேரலை அழிவின் பின்னர், உதவிகளைப் பகிர்தற்பொருட்டு அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் பொதுக் கட்டமைப்பொன்றை அமைக்க முற்பட்டபோது, 2005 ஜூனில் அக்கட்சி அரசாங்கத்தை விட்டு விலகிற்று. 2006 ஒக்டோபரில் வடக்குக் கிழக்கு மாகாணங்களின் இணைப்பு செல்லாதென உயர் நீதிமன்றம் தீர்த்தது, அக்கட்சியினர் தொடுத்த வழக்கின் பேறாகும். ஆகவே பொருளாதாரத்திற் பொதுவுடைமை, அயலுறவில் இந்திய எதிர்ப்பு, இனப் பிரச்சினையில் ஒற்றையாட்சி என்னும் மூன்றுமே அக்கட்சிக் கொள்கையின் மூன்று தூண்களாய் நின்றன எனலாம். பதவியேற்றபின் இம்மூன்றும் எந்நிலை எய்தின என்பது இனி நோக்கற்பாலது.

முதலாவது பொருளாதாரம். 2022 ஏப்ரல் 12இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துதலை நிறுத்துவதாக அறிவித்தது. 2023 மார்ச் 20இல் சர்வதேச நாணய நிதியம் நான்காண்டுக் காலத்திற்கு ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவியை அனுமதித்தது. தேர்தலுக்கு முன்னர்த் தேசிய மக்கள் சக்தி, இவ்வொழுங்கின் நிபந்தனைகள் எளியோரை வருத்துவன என்றது. கடன் தாங்குதிறனை மீளக் கணித்து நிதியத்தோடு புதிதாகப் பேசுவதாக வாக்களித்தது. தேர்தலுக்கு இரு நாட்களின் முன் முன்னைய அரசாங்கம் பிணைமுறி உடையாரோடு கொள்கையளவிலான இணக்கமொன்றை அறிவித்திருந்தது. புதிய அரசாங்கம் அதனைத் தள்ளவில்லை. அடுத்த திங்களிலேயே அதனை உறுதிசெய்தது. 2024 டிசெம்பரில் ஏறத்தாழ 1,250 கோடி டொலர்ப் பிணைமுறிகளின் மாற்றீட்டை நிறைவேற்றிற்று. ஜனாதிபதி தாமே நிதியமைச்சராயிருந்து 2025 பெப்ரவரி 17இற் சமர்ப்பித்த முதலாவது வரவு செலவுத் திட்டம், தேசிய உற்பத்தியில் 2.3 விழுக்காட்டு முதன்மை மிகுதி என்னும் நிதியத்தின் இலக்கையே தன் எல்லையாகக் கொண்டது. பெறுமதி சேர் வரி 18 விழுக்காடாகவே நிலைத்தது.

இவ்வெல்லைக்குட் சில தளர்வுகள் செய்யப்பட்டன. வருமான வரி விலக்கு மாதம் ஒன்றரை இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவுக்குப் படிப்படியாக ஏற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. மின்கட்டணம் 2025 ஜனவரியில் நூற்றுக்கு இருபது குறைந்தது; ஜூனிற் பதினைந்து கூடிற்று. உற்பத்திச் செலவைக் கட்டணத்தால் ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நிதியத்தின் விதி ஈண்டுப் பொதுமக்களின் வீட்டுக் கணக்கிலேயே தெரிந்தது. சுருங்கக் கூறின், மார்க்சீயக் கட்சியொன்றின் தலைவர் முதலாளித்துவ உலகின் கடனொழுங்கைத் தாம் எதிர்த்த அரசாங்கத்தினும் திருத்தமாக நடத்தினார்.

இதனைக் கொள்கைத் துரோகம் என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. கொள்கைப் பிடிவாதம் யாது விளைக்கும் என்பதனை நாடு அண்மையிலேயே கண்டது. 2021 ஏப்ரலில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவர்கள் இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதியை ஒரே வீச்சில் தடைசெய்தார். இயற்கை வேளாண்மை நல்ல குறிக்கோளே. ஆயின் நிலத்தின் வலியையும் பருவத்தின் காலத்தையும் எண்ணாது அது ஏவப்பட்டது. திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய் முதலிய செம்மண் ஊர்களில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் புகையிலையும் மரக்கறியும் செய்து வாழ்வோர், கிணற்றுநீரும் பசளையும் கொண்டு சிறு துண்டு நிலத்தில் ஆண்டு முழுவதும் பயிரிடுவோர். பசளைக்கு மாற்று யாதென்று காட்டாமலே பசளை மறுக்கப்பட்டபோது அவர்கள் பட்ட துன்பத்தை எக்குறிக்கோளும் ஈடுசெய்யவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அதற்குள் நெல்லும் தேயிலையும் பெரிதும் வீழ்ந்துவிட்டன. அடுத்த ஆண்டு ஜூலையில் அவ்வாட்சியே வீழ்ந்தது. இதனையெல்லாங் கண்டபின் பதவிக்கு வந்தவர் கடன் கொடுத்தோரோடு பொருதாமை வலியறிந்து ஒழுகிய செயலாம்.

எனினும் ஒரு குறை கூறாதிருத்தல் இயலாது. 1921இல் லெனின் புதிய பொருளாதாரக் கொள்கையைப் புகுத்தியபோது, அதனைப் பின்வாங்கல் என்று தம் கட்சியார் கேட்கவே கூறினார். எதன்பொருட்டுப் பின்வாங்குகின்றோம், எதுவரை பின்வாங்குவோம் என்று வாதிட்டார். இலங்கையின் ஆளுங் கட்சி அவ்வாறு செய்யவில்லை. மேடையிற் பழைய சொற்களும் திறைசேரியிற் புதிய செயல்களும் ஒருங்கே இயங்கின. மாற்றத்தை மாற்றமென்று கூறாத தலைமை, அடுத்த மாற்றத்தின் எல்லையை மக்கள் அறிதற்கு வழிவிடுவதில்லை.

இரண்டாவது அயலுறவு. இத்துறையிலேயே கட்சி மிகுதியும் மாறிற்று. 2024 பெப்ரவரியில், தேர்தலுக்கு முன்னரே, திசாநாயக்க அவர்கள் இந்திய அரசாங்கத்தின் அழைப்பின்பேரிற் புதுடில்லி சென்றார். பதவியேற்றபின் அவர் மேற்கொண்ட முதலாவது வெளிநாட்டுப் பயணமும் அதே ஆண்டு டிசெம்பரிற் புதுடில்லிக்கே. 2025 ஜனவரியிற் பீஜிங் சென்றார். ஏப்ரலில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோதி கொழும்பு வந்தபோது ஏழு புரிந்துணர்வு உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. அவற்றுள் ஒன்று பாதுகாப்பு ஒத்துழைப்புப் பற்றியது. இந்திய விரிவாக்கத்தைத் தன் பாலபாடமாக ஓதிய கட்சி, இந்தியாவோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்தது. திருகோணமலையில் எரிபொருள் மையமும் சம்பூரிற் சூரிய மின்னிலையமும் அதே வருகையின்போது முன்னெடுக்கப்பட்டன. 2022ஆம் ஆண்டின் இடர்க்காலத்தில் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவில் உதவியதனை நினைப்பார் இம்மாற்றத்தின் காரணத்தை எளிதில் அறிவர்.

ஆயின் ஈண்டுக் கூர்ந்து நோக்கவேண்டியதொன்று உண்டு. இந்தியப் பிரதமர் கேட்டவை பல. பாதுகாப்பும் எரிபொருளும் அவற்றுட் சில. அரசியலமைப்பை முழுமையாக நடைமுறைப்படுத்தி மாகாண சபைத் தேர்தல்களை நடத்துதல் வேண்டும் என்பதும் டிசெம்பரிலும் ஏப்ரலிலும் அவர் வெளிப்படக் கூறியதே. முன்னவை உடன்படிக்கைகளாயின. பின்னதற்கு விடை வரவில்லை. கேட்டவர் ஒருவரே, கேட்கப்பட்டவரும் ஒருவரே. வேறுபாடு யாதெனில், முன்னவற்றை மறுப்பின் இழப்பு உண்டு. பின்னதை மறுப்பின் இழப்பில்லை. இந்தியாவும் அதன்பொருட்டு எவ்விலையையும் விதிக்கவில்லை. காரிய நோக்கு எவ்விடத்தில் தொழிற்படுகின்றது, எவ்விடத்தில் உறங்குகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது தூணாகிய இனப் பிரச்சினை இங்கே வந்து சேர்கின்றது. வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் மாகாணத்தின் அதிகாரம் ஆளுநரின் கையிலே தங்கிற்று. தேசிய மக்கள் சக்தியின் தேர்தல் விஞ்ஞாபனம் ஓராண்டினுள் மாகாண சபைத் தேர்தல்களை நடத்துவதாகவும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாகவும், நாட்டிற்குப் புதிய அரசியலமைப்பை ஆக்குவதாகவும் கூறிற்று. 2025ஆம் ஆண்டு முடியுமளவும் இம்மூன்றும் நிறைவேறவில்லை. 1979இல் தற்காலிகமென்று கொண்டுவரப்பட்ட அச்சட்டம் அவ்வாண்டிலும் நடைமுறையில் இருந்தது.

காணி பற்றிய செய்தி இன்னும் கவலைக்குரியது. 2025 மார்ச் 28இல் வெளிவந்த வர்த்தமானி அறிவித்தலொன்று, வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் நிலத்திற்கு உரிமை கோருவோர் மூன்று திங்களினுள் அதனை நிறுவவேண்டுமென்றும், தவறின் அந்நிலம் அரச காணியாகுமென்றும் கூறிற்று. பல முறை இடம்பெயர்ந்து உறுதிகளை இழந்தோரும், கடல்கடந்து வாழ்வோரும், இறந்துபட்டோரின் வழித்தோன்றல்களும் நிறைந்த மாகாணத்திற்கு அவ்விதி பொருந்துமா என்று எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. எதிர்ப்பும் வழக்கும் எழுந்தபின் அது கைவிடப்பட்டது. கைவிட்டமை நன்றே. ஆயின் அதனைத் தொடங்கிய சிந்தை எத்தகையது என்னும் வினா எஞ்சுகின்றது. நிலத்தின் வரலாற்றை அறியாத நிருவாகம், நல்லெண்ணத்தோடு இயங்கினும் அன்னியமாகவே தோன்றும்.

இதற்கு மறுதலையாகக் கூறத்தக்க செய்திகளும் உள. யாழ்ப்பாண நகரிலிருந்து திருநெல்வேலிச் சந்தியை ஊடறுத்து வடக்கே செல்லும் பலாலி வீதி, 1990 முதல் வசாவிளானுக்கு அப்பாற் பொதுமக்களுக்கு மூடப்பட்டுக் கிடந்தது. ஒரு தலைமுறை அவ்வீதியின் முடிவைக் காணாமலே வளர்ந்தது. 2025 ஏப்ரல் 10இல் அவ்வெஞ்சிய பகுதி திறக்கப்பட்டது. பகற்பொழுதில் மட்டும் செல்லலாம், இடையில் நிறுத்தலாகாது என்னும் நிபந்தனைகள் உடனிருந்தன. ஆகவே மக்கள் தம் காணிகளை வீதியிலிருந்து கண்டனர். அவற்றுட் கால்வைக்க இயலவில்லை. புதிய தலைமையின் வடக்குக் கொள்கை முழுவதற்கும் இவ்வீதியை உவமையாக்குவார் பிழைசெய்தாராகார். நிருவாக ஆணையாற் செய்யத்தக்கது செய்யப்பட்டது. அதிகாரத்தையும் நிலத்தையும் மீளக் கையளித்தல் வேண்டுமிடத்துச் செயல் நின்றது.

நடுநிலை பிறழாது கூறின், தம் கட்சியின் சொற்களுட் சிலவற்றை ஜனாதிபதி காப்பாற்றியுள்ளார். அமைச்சரவை சிறிதாக அமைந்தது. முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்குஞ் சட்டம் 2025 செப்டெம்பரில் நிறைவேறிற்று. முன்னர்த் தீண்டவொண்ணாதார் எனக் கருதப்பட்ட அரசியலாளர் சிலர் ஊழல் வழக்குகளில் நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டனர். வடக்கே வருமிடத்து அவருடைய பேச்சில் இனப்பகை தொனிக்கவில்லை. இலங்கையின் அண்மைய வரலாற்றில் இது சிறு செய்தியன்று. ஆயின் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழித்தல் என்னும் பெரிய வாக்குறுதி, அதனைத் தந்த முன்னைய தலைவர்களின் கையிற் கிடந்தவாறே அவர் கையிலும் கிடந்தது. எளிதிற் செய்யத்தக்கனவும், தெற்கிற் கைதட்டுப் பெறுவனவுமாகிய வாக்குறுதிகள் முந்துகின்றன. அதிகாரத்தைக் குறைப்பனவும் பகிர்வனவும் பிந்துகின்றன.

இதற்கு அவர் ஆதரவாளர் கூறும் விடை, காலம் வேண்டும் என்பது. தெற்கின் மக்களை ஆயத்தஞ் செய்யாது அதிகாரப் பகிர்வில் இறங்கின் பேரினவாதம் மீளத் தலைதூக்கும்; ஆகவே முதலிற் பொருளாதாரம், பின்னர் அரசியலமைப்பு என்பர். இவ்வாதம் முற்றும் புறந்தள்ளத்தக்கதன்று. 1957 ஜூலையிற் செல்வநாயகம் அவர்களோடு ஒப்பந்தஞ் செய்த பண்டாரநாயக்க அவர்கள், அடுத்த ஆண்டு ஏப்ரலிலே எதிர்ப்புக்கு அஞ்சி அதனைக் கிழித்தெறிந்தமை யாவரும் அறிந்தது. ஆயத்தமின்றிச் செய்யப்படும் உடன்பாடு நிலையாது என்பதற்கு அது சான்று.

ஆயின் அச்சான்றே மறுபுறமும் பேசுகின்றது. 1926இற் சமஷ்டியாட்சியை முதன்முதற் பரிந்துரைத்த சிங்களத் தலைவர்களுள் ஒருவர் அப்பண்டாரநாயக்கவே. வாக்கின் வலியறிந்தபோது அவர் அதனை விட்டுத் தனிச் சிங்களத்தைப் பற்றினார். இருமொழிக்கும் சமவுரிமை வேண்டுமென்றும், அன்றேல் நாடு இரண்டாகுமென்றும் 1956இல் எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வா அவர்களே, அமைச்சராகி 1972ஆம் ஆண்டின் ஒற்றையாட்சி அரசியலமைப்பை வரைந்தவர். இவர்களெல்லாம் காலமறிந்தவர்களே, காரியம் வல்லவர்களே. கட்சிக் கொள்கை தமிழர்க்குச் சார்பாயிருந்தபோது அது காரிய நோக்கால் வீழ்ந்தது. இன்று கட்சிக் கொள்கை தமிழர்க்குச் சார்பில்லாதபோது, அதனைத் தளர்த்துதற்குக் காரிய நோக்கு முன்வரவில்லை. வளைதல் எப்பொழுதும் ஒரே திசையில் நிகழுமாயின், அதற்கு விவேகம் என்று பெயரிடுதல் பொருந்தாது.

மேலும், ஆயத்தஞ் செய்தற்குக் காலம் வேண்டுமெனின், அவ்வாயத்தம் தொடங்கியிருத்தல் வேண்டும். 159 ஆசனங்களும் மக்களின் நன்மதிப்பும் கையிலிருந்த முதலாண்டே தெற்கின் மக்களோடு பேசுதற்குரிய காலம். கடனொழுங்கின் தேவையை அம்மக்களுக்கு எடுத்துரைத்து அவர்களை இணங்கச் செய்தவர், அதிகாரப் பகிர்வின் தேவையையும் எடுத்துரைக்கவல்லவரே. அவர் அதனை உரைக்கத் துணியவில்லை. பிரான்சிய நாட்டில் 1959இற் ஜனாதிபதியான டி கோல், அல்ஜீரியா பிரான்சுக்கே உரியதென நம்பிய படையினராலும் குடியேறிகளாலும் ஆட்சிக்கு அழைக்கப்பட்டவர். அவ்வாண்டு செப்டெம்பரிலேயே அல்ஜீரிய மக்களின் சுயநிர்ணயத்தை அவர் வெளிப்பட ஏற்றார். தளபதிகள் சிலர் 1961இற் கலகஞ் செய்தனர். அவர் பின்வாங்காது 1962இல் உடன்படிக்கை செய்து அப்போரை முடித்தார். போரின் வலியும் அவரை உந்திற்று என்பது உண்மையே. ஆயின் தம்மைப் பதவிக்குக் கொணர்ந்தோரின் நம்பிக்கைக்கு மாறாகவும் நாட்டிற்குத் தேவையானதை அவர்கள் முகம்நோக்கி உரைத்தார். தலைமை என்பதன் பொருள் அத்தகைய இடத்திலேயே தெளிவாகும்.

இவ்வாராய்ச்சி தெற்கோடு நின்றுவிடின் நிறைவுறாது. காரிய நோக்கும் கொள்கையும் பொருதல் தமிழர் அரசியலிலும் உண்டு. 1948இல் ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள் அமைச்சரவையிற் சேர்ந்தார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை முதலியன அக்காலத்து ஆக்கங்கள். அதே காலத்தில் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோயிற்று; அதுபற்றியே செல்வநாயகம் அவர்கள் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தொழிற்சாலையையும் உரிமையையும் ஒருங்கே பெறும் வழியை அன்றைய தலைவர்கள் காணவில்லை. பின்வந்தோரும் ஒன்றைப் பற்றி மற்றதை இகழ்வதனையே வழக்கமாக்கினர்.

வாக்காளரோ இவ்விரண்டையும் நிறுத்துப் பார்க்கக் கற்றுள்ளனர். 2024 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டம் திசாநாயக்க அவர்களுக்கு அளித்த வாக்கு நூற்றுக்கு ஏழளவு. நவம்பரில் அவர் அணிக்கு அளித்தது ஏறத்தாழ நாலிலொரு பங்கு. ஆறு ஆசனங்களுள் மூன்று. தெற்கிற் பிறந்த கட்சியொன்று தமிழ்க் கட்சிகள் அனைத்தையும் யாழ்ப்பாணத்திற் பின்தள்ளியது முன்னர் நிகழாதது. தமிழ்க் கட்சிகளின் பிளவிலும் பழைய முழக்கங்களிலும் சலிப்புற்ற மக்கள், ஊழலற்ற நிருவாகமேனும் கிடைக்கட்டும் என்று ஒரு வாய்ப்பை வழங்கினர். 2025 மே 6இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், யாழ்ப்பாணத்துச் சபைகளிற் பெரும்பாலானவற்றில் தமிழரசுக் கட்சி மீண்டும் முதலிடம் பெற்றது. இவ்விரு முடிவுகளுக்கும் இடைப்பட்ட காலம் ஆறு திங்கள். முன்னதைத் தேசியத்தின் முடிவென்று கொண்டாடினோரும், பின்னதைத் தம் தலைமைக்குக் கிடைத்த நற்சான்றென்று மகிழ்ந்தோரும் மக்களைச் சரியாக வாசித்தாரல்லர். மக்கள் செய்தது அளத்தல். வாய்ப்பளித்து, வந்ததைக் கண்டு, மறுபடியும் எண்ணினர்.

அவர்களுடைய அளவையே ஈண்டுக் கூறியவற்றிற்கும் அளவையாகும். திசாநாயக்க அவர்கள் கொள்கை வெறியரல்லர் என்பது அவருடைய பொருளாதார நடத்தையாற் புலனாயிற்று. தம் கட்சியின் பழம்பாடங்களை விடும் ஆற்றல் அவர்க்குண்டு என்பது அவருடைய அயலுறவாற் புலனாயிற்று. ஆகவே வடக்குப் பற்றிய துறையில் மாறாதிருத்தலை ஆற்றாமையென்று மன்னித்தல் இயலாது. கடன் கொடுத்தோர்க்குத் தவணையும் தண்டனையும் கைவசம் உள்ளன. அயலரசுக்குக் கப்பலும் பணமும் உள்ளன. வசாவிளானில் வீதியோரத்தில் நின்று தன் காணியை நோக்குபவனுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. வலியுடையார்க்கு வளைதல் எவ்வரசனுக்கும் இயல்பு. வலியில்லாதான் கேட்டதை நீதியென்று கண்டு வழங்குதலைப் பற்றியே செங்கோன்மை பேசுகின்றது.

மாகாண சபைத் தேர்தல் எப்பொழுது நடத்தப்படும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் இடத்தில் வருவது பெயர்மாற்றமா பொருள்மாற்றமா, புதிய அரசியலமைப்பு அதிகாரத்தை எவ்வாறு பகிரும் என்னும் மூன்று வினாக்களுக்கு அவர் அளிக்கும் விடையே, இத்தலைமை காரிய நோக்குடையதா, காரியம் பார்ப்பது மட்டுமா என்பதனைத் தீர்க்கும். வரலாறு பயிலும் மாணவர், விழாக்களையும் பயணங்களையும் விடுத்து அவ்விடைகளையே குறித்துவைத்தல் வேண்டும்.